தபசு காலத்தில் மஞ்சள்கரு

மக்ரூன் செய்கிறவர்களுக்கு முட்டையில் வெள்ளைக்கரு மட்டும் போதும். அதைச் சீனியோடு நுரை கட்டி நிற்கும்வரை அடித்து, பொடித்த முந்திரிப்பருப்பைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து வேகவைப்பார்கள். தூத்துக்குடிக்கு வந்து போகிறவர்கள் அதை டப்பா டப்பாவாக வாங்கிப் போவார்கள். மஞ்சள்கரு என்ன ஆகிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கொஞ்சம் கேக்குக்குப் போகும். மீதி ஒரு தகர வாளியில் கிடக்கும். சாயங்காலத்துக்குள் யாரும் வாங்காவிட்டால் சாக்கடையில் ஊற்றிவிடுவார்கள். என் மகளை என்னிடம் திருப்பிக் கொண்டுவர நான் நம்பியிருந்தது அந்த வாளியைத்தான்.

அவளுக்கு ஒரு வயது ஆகுமுன்பே அவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த கையோடு மச்சான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அப்போது கப்பல்கள் கரையை விட்டு வெகுதூரம் தள்ளித்தான் நங்கூரம் போடும். சரக்கை வள்ளங்களில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். மச்சான் அப்படி ஒரு வள்ளத்தை ஆள் வைத்து நடத்தும் தண்டல். வள்ளத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். வீட்டிலும் அதுதான். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை கிடையாது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றது அந்த அக்காதான். “ஞானத்தாய் இருக்கையில பிள்ளை எப்படி அநாதையாவும்?” என்று தெருவே சொன்னது. தகப்பன் ஒருவன் உயிரோடு நிற்கிறான் என்பது தெருவில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் கப்பல் சரக்குகளுக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சியில் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். அப்பா கட்டுமரத்தில் போனவர், கைநாட்டு. அவரும் அம்மாவும் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள். படித்த மாப்பிள்ளை என்று சொல்லித்தான் மச்சான் தன் தங்கையை எனக்குக் கொடுத்தார். அவள் போனபின் அதே படிப்பு அவருக்குக் கேலிப்பொருளாகிவிட்டது.

“பேனா பிடிக்க கை பிள்ளைக்குப் பீ கழுவுமாலே?” என்று கேட்டார்.

“கழுவும்” என்றேன்.

தெருவில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.

ஆபீஸ் விட்டதும் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போவேன். வாசலை ஒட்டி ஒரு பெஞ்சு கிடக்கும். அதைத் தாண்டி உள்ளே என்னை யாரும் கூப்பிட்டதில்லை. “இப்பத்தான் தூங்குதா, எழுப்பாத” என்பாள் அக்கா. பிள்ளை விழித்திருந்தால், “சோறு ஊட்டுதேன், பெறகு வா” என்பாள். பால் டின்னுக்கு நான் கொடுப்பதை மட்டும் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். ஒருநாள் பிள்ளை தத்தித் தத்தி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, “மாமா” என்றாள். பிறகு கயிற்றுக்கட்டிலில் கிடந்த மச்சானைக் கை நீட்டிக் காட்டி, “அப்பா” என்றாள். தானாக வருகிற வார்த்தைகள் இல்லை அவை. சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நான் இருந்தது ஒரு வளவில் ஒற்றை அறை. பெண்பிள்ளையோடு இருக்க அடுப்படி உள்ள வீடு வேண்டும். நான் ஆபீசில் இருக்கும் நேரம் அவளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். குமாஸ்தா சம்பளத்தில் இரண்டும் நடக்காது. எங்கள் வளவில் அடுத்த அறையில் இருந்தவர் ஒரு பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவர், உடன்குடிப் பக்கத்துக்காரர். அவர்தான் அந்த வாளியைப் பற்றிச் சொன்னார்.

பேக்கரி முதலாளி அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னவே, தினம் ஒரு வாளி வேணுமா? வீட்டுல பயில்வானா வளக்கீரு?”

“விக்கதுக்கு அண்ணாச்சி.”

“கிளார்க்கு உத்தியோகம் என்னாச்சு?”

“அதுவும் இருக்கு.”

“அப்ப சம்பளம் பத்தலன்னு சொல்லும். சரி, காசைக் கீழ வச்சிட்டு வாளியை எடும். நாளைக்கு வாளி கழுவி வரணும். நாறுச்சுன்னா இந்தப் பக்கமே வரப்படாது, கேட்டீரா?”

அரசாங்கமே சாராயக்கடைகளைத் திறந்துவிட்டிருந்த வருஷங்கள் அவை. இப்போது மூடிவிட்டார்கள். உப்பளத்தைப் பார்த்துப் போகும் ஒரு சந்தின் கடைசியில் ஒரு கடை இருந்தது. அதற்கு அப்பால் சேறும் உப்புப் பாத்தியும்தான். அந்தச் சந்துக்குள் சாயங்காலத்தில் கால் வைக்கிறவன் வேறெங்கும் போக முடியாது. கடை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் பம்ப் ஸ்டவ்வை வைத்தேன். எண்ணெயில் வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கியதும் ஒரு கரண்டி மஞ்சள்கருவை ஊற்றிக் கிளறினால் மணல்மணலாகத் திரண்டு வரும். இடித்த மிளகைத் தூவி, பூவரச இலையில் வைத்துக் கொடுப்பேன். முதல் நாளே வாளி காலியாகிவிட்டது.

வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் கோவில் பங்கு ஆட்கள்தான். வள்ளத்தில் வேலை பார்க்கிறவர்கள், வலை கட்டுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன்வரிசையில் முழங்காலில் நிற்கிறவர்கள்.

“ஏலே மஞ்சக்கரு! படிச்ச கையில பொரிச்சா ருசியே வேறதாம்ல.”

“எனக்கு இங்கிலீசுல பொரிடே, பாப்போம்.”

“ஆபீஸ் சட்டையைக் கழத்திராத. தொரை பொரிச்சுக் குடுக்கான்னு ஊர்ல போய்ச் சொல்லணும்லா.”

சட்டையைக் கழற்றச் சொல்ல அவர்கள் யார், கழற்றாதே என்று சொல்லவும் அவர்கள் யார்? முழுக்கைச் சட்டையோடுதான் நின்றேன். அவர்கள் ஒவ்வொருவரையும் வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே, கரு தீயாமல், உப்பு பிசகாமல் கொடுத்தேன். குடித்தவன் நாக்கு எது கொடுத்தாலும் ஏற்கும் என்று சொல்வார்கள். பொய். உப்பு ஒரு சிட்டிகை குறைந்தால் இலையை முகத்துக்கு நேரே நீட்டுவான்.

பிறகு தபசு காலம் வந்தது, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. எங்கள் பங்கில் ஆண்களுக்கு ஒரு சபை உண்டு, நானும் அதில் இருந்தேன். நோன்பு தொடங்கும் விபூதிப் புதன் அன்று சபைக்காரர்கள் வரிசையாகப் போய், பீடத்தின் முன் இருக்கும் சிலுவையில் கைவைத்து, ஈஸ்டர் வரைக்கும் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வார்கள். பெரிய வெள்ளி அன்று ஆண்டவருடைய சுரூபத்தைத் தும்பாவில் கிடத்தி, அந்தப் பெட்டியைத் தோளில் தூக்கித் தெருவெல்லாம் கொண்டுபோவது சபைக்காரர்கள்தான். சத்தியத்தை மீறினவன் அந்த வருஷம் தும்பாவைத் தொடக்கூடாது. தும்பாவின் முன்கம்பில் வலதுபக்கம் மச்சான் குடும்பத்துக்கு உரியது. அவர் அப்பா தூக்கியது, அதற்கு முன் அவருடைய தாத்தா தூக்கியது. தங்கை செத்தபோது அழாதவர் முன்கம்பைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குவார்.

விபூதிப் புதனுக்குப் பிறகு சந்து வெறிச்சோடிப் போனது. உப்பளத்து ஆட்களும் லாரிக்காரர்களும் மட்டும் வந்தார்கள். வாளியில் பாதி மிஞ்சியது. ஒரு வாரம் போனது. அதற்கப்புறம் ஒவ்வொருவராகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சந்து வழியாக வராமல் உப்புப் பாத்தி வரப்பு வழியாகச் சுற்றி வந்தார்கள். சேறு பூசிய காலோடு கடையின் பின்பக்கம் நின்று குடித்துவிட்டு, துண்டு விலகாமல் என்னிடம் கையை நீட்டுவார்கள். அந்த நாளில் கேலி எல்லாம் கிடையாது. பேச்சே கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு கூலி ஆள் வந்து இலையை என் பெட்டிமேல் திருப்பி வைத்தான்.

“உப்பு பத்தலன்னு தண்டல் சொல்லுதாரு.”

“எந்தத் தண்டல்?”

அவன் கடையின் பின்பக்கத்தைப் பார்த்தான். அங்கே துண்டுக்குள் இருந்த முகத்தை நான் பார்க்கத் தேவையில்லை. நின்ற நிற்பிலேயே மச்சான் என்று தெரிந்தது. உப்பைத் தூவிக் கொடுத்து அனுப்பினேன். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் போய் அக்காவிடம் சொன்னேன். வீடு பேசிவிட்டேன், ஈஸ்டர் முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்று. அவள் அலறிய அலறலில் தெரு கூடிவிட்டது. “ஏளா, என்னளா ஆச்சு?” என்று பக்கத்து வீட்டுக்காரிகள் ஓடிவந்தார்கள். “எம் பிள்ளையைப் பறிக்க வந்திருக்கான்!” என்றாள். எல்லோரும் என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். உள்ளே இருந்த மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார்.

என்னை என்ன சொல்லி மடக்கலாம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். சாராயக்கடை வாசலில் சட்டி வைத்திருக்கிறவனிடம் பெண்பிள்ளையைக் கொடுக்கலாமா என்பதுதான் அவருக்குக் கிடைத்த ஆயுதம். தானும் அங்கே வந்ததை நான் சொல்லமாட்டேன் என்று நினைத்தார். சபைக்காரன் ஒருவன் இன்னொருவனைச் சாமியாரிடம் காட்டிக்கொடுத்த வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அதோடு, படித்தவன் சண்டைக்குப் பயப்படுவான் என்பது அவர் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாமியார் குடியிருக்கும் அறைவீட்டில் கூடினோம். சாமி வெளியூர்க்காரர், எங்கள் பங்குக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. சபைப் பெரியவர்கள் பெஞ்சில் இருந்தார்கள். மச்சான் இரண்டு சாட்சிகளோடு ஒரு பக்கம் நின்றார். நான் மறுபக்கம். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வராந்தாவில் நின்றாள்.

“சாமி, இவன் சாராயக்கடை வாசல்ல நிக்கான்” என்று மச்சான் ஆரம்பித்தார். “தபசு காலம்னுகூடப் பாக்கல. குடிகாரனுவளுக்குச் சட்டி கிண்டுதான். பொம்பளப் பிள்ளையை இவன்கிட்ட விட்டா என் தங்கச்சி ஆத்துமா பொறுக்குமா? நீங்கதான் ஒரு தீர்ப்புச் சொல்லணும்.”

“யார் பார்த்தது?” என்றார் சாமி.

முதல் சாட்சி ஒரு அடி முன்னால் வந்தார். “நான் பாத்தேன் சாமி. அந்தச் சந்துக் கடைசியில.”

“அங்கே எதுக்குப் போனீங்க?”

“சும்மா, அந்த வழியாப் போனேன்.”

“அந்த வழி எங்கே போகுது?”

“அளத்துக்கு.”

“உங்களுக்கு அளத்தில் வேலையா?”

“இல்ல சாமி. வள்ளத்துல.”

பெஞ்சில் ஒருவர் இருமினார். இரண்டாவது சாட்சி நிலைமையைச் சரிசெய்ய வந்தார். “அதெல்லாம் விடுங்க சாமி. இவன் பொரிக்கது நெசம். மிளகு என்னமா இடிச்சுப் போடுதான் தெரியுமா! சுடச்சுட ஒரு இலை தின்னா…”

மச்சான் அவர் காலை மிதித்தார். அவர் வாயை மூடிக்கொண்டார். சாமிக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லப்பா. அங்கே நிற்கிறாயா?”

“நிக்கேன் சாமி. குடிக்கதில்ல. மஞ்சக்கரு பொரிச்சு விக்கேன். வீடு எடுத்துப் பிள்ளையை வச்சுக்கிடத்தான்.”

“தபசு காலத்திலுமா?”

“ஆமா சாமி.”

“யார் வாங்குகிறார்கள்?”

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தரையைப் பார்த்தார்கள். இரண்டாவது சாட்சி என் முழங்கையைத் தொட்டு, “தம்பி, என் பேரு வேண்டாம்” என்று காதுக்குள் சொன்னார். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் கெஞ்சியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அவர் கெஞ்சவில்லை. வள்ளத்துக் கூலியாளை அதட்டுகிற அதே பார்வையைப் பார்த்தார். வாயைத் திறப்பியாலே என்று கேட்கிற பார்வை.

“மச்சானும் வாங்குதாரு சாமி” என்றேன். “முந்தாநாத்து வெள்ளிக்கிழமைகூட வாங்குனாரு. உப்பு பத்தலன்னு இலையைத் திருப்பி அனுப்புனாரு.”

“ஏலே நாயே!” மச்சான் பாய்ந்து என் சட்டையைப் பிடித்தார். பித்தான் தெறித்தது. “தங்கச்சியை முழுங்குன, இப்ப என்னையும் முழுங்குதியா?” நாலு பேர் சேர்ந்து அவரைப் பிரித்தார்கள்.

“சிலுவையில் கைவைத்தீர்களே, இவன் சொல்வது உண்மையா?” என்று சாமி கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆளும் வந்திருக்க மாட்டான். ஆனால் மச்சான் பேசாமல் நின்றார். அந்த மட்டுக்கு அவருடைய விசுவாசத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்குமேல் அவருக்கு நான் எதுவும் கொடுப்பதாக இல்லை.

சாமி தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். ஞானத்தாய் வேதம் சொல்லிக்கொடுக்கத்தான். தகப்பன் உயிரோடு இருக்கையில் பிள்ளை தகப்பனுக்கு. ஈஸ்டர் வரைக்கும் நான் அந்தச் சந்தில் நிற்கக்கூடாது. மச்சானுக்கு இந்த வருஷம் முன்கம்பு இல்லை. மற்றவர்களை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தும்பாவைத் தூக்க ஆள் மிஞ்சியிருக்காது.

அன்று பொழுது சாயுமுன்பே மச்சான் எங்கள் வளவுக்கு வந்தார். ஒரு கையில் பிள்ளை, மறுகையில் துணி மூட்டை. இரண்டையும் என் அறை வாசலில் இறக்கினார்.

“இந்தா. இனிமே எங்க வாசல் மிதிக்காத. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் வராத, இழுத்துக்கிட்டுக் கிடந்தாலும் வராத.”

பிள்ளை “அப்பா, அப்பா” என்று கத்திக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள். அவர் திரும்பவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். என் கன்னத்தைக் கீறினாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் என்னோடு பேசவில்லை. குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். ஈஸ்டர் முடிந்து குடிபோகலாம் என்று சொல்லியிருந்த வீட்டுக்காரர், “சபையைக் காட்டிக்குடுத்த ஆளுக்கு வீடு கிடையாது” என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். ஒற்றை அறையிலேயே இருந்தோம். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, அடுத்த அறையில் இருந்த பேக்கரி அடுப்புக்காரர் மனைவியைக் கேட்டேன். அவர்கள் எங்கள் கோவில் இல்லை. “உங்க சண்டை எனக்கு எதுக்கு? விட்டுட்டுப் போங்க. சம்பளம் மட்டும் தள்ளிப் போகப்படாது” என்றாள். சம்பளம் தள்ளிப் போகக்கூடாது என்றால் வாளி வேண்டும். சந்தில் நிற்கக்கூடாது என்றுதானே சாமி சொன்னார்? புதுத் துறைமுகத்துக்குக் கல் சுமக்கும் லாரிகள் நிற்கும் இடத்துக்கு ஸ்டவ்வைக் கொண்டுபோனேன். அங்கே எல்லோரும் வெளியூர்க்காரர்கள். என்னை ஒருத்தனுக்கும் தெரியாது. தின்றார்கள், கையைக் கழுவினார்கள், போனார்கள். சமாதானமாக இருந்தது.

பிள்ளைக்கு மட்டும் சமாதானம் இல்லை. நான் ஊட்டினால் துப்பினாள். மாமா என்றுகூட என்னைக் கூப்பிடவில்லை. படித்ததில் எதுவும் உதவவில்லை.

பெரிய வெள்ளி அன்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நின்றேன். ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. என்னைச் சுற்றி மட்டும் இடம் விட்டிருந்தார்கள். தும்பா வந்தது. முன்கம்பின் வலதுபக்கம் வேறொருவர் தோள் இருந்தது. எதிர்ப்பக்கம் கூட்டத்தில் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, தும்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றார். அவர் பக்கத்திலிருந்த அக்கா தெருவைக் குறுக்கே கடந்து என் முன்னால் வந்து நின்றாள்.

“ஜெயிச்சிட்டேல்லா” என்றாள்.

அவளைப் பார்த்ததும் பிள்ளை, “அம்மா!” என்று கத்தி, இரண்டு கைகளையும் நீட்டி என் தோளிலிருந்து தாவினாள். இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு தரம் தூக்கிட்டுத் தாரேன். தும்பா தாண்டுத வரைக்கும்.”

“வேண்டாம்க்கா.”

“ஞானத்தாய் கேக்கேன்லே.”

“வேண்டாம்.”

தும்பா தூக்கியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கொடுத்திருந்தால் திருப்பித் தந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் தயாராக இல்லை. அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, என் சட்டையை ஒருதரம் பார்த்தாள்.

“வெங்காய நாத்தம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிள்ளை அவள் போன திசையைப் பார்த்து அலறினாள். என் நெஞ்சிலும் முகத்திலும் கைமுட்டியால் குத்தினாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, “கல்நெஞ்சுக்காரன்” என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு வளவைப் பார்த்து நடந்தேன். வழி முழுக்கக் குத்திக்கொண்டே வந்தாள். நான் பிடியைத் தளர்த்தவில்லை.